பின் ஷாக், இருபத்தைந்து கிளிக்

ஜனவரி 28, ஞாயிறு

கார்ப் போட்டிக்கான பயிற்சி ஓட்டத்தில் மூன்று ரப்பர் கூம்புகளைத் தட்டினேன். ஒரு கூம்புக்கு இரண்டு வினாடி தண்டம். ஆக ஆறு வினாடி. கார் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்பக்கம் நேராகவே போகிறது. பின் ஷாக் நன்றாக இறுகியிருந்தால் வால் தானாக வீசித் திரும்பிக் கொடுக்கும் என்பது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். நான் இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். பிறகு என்ன கேடு என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ரோட்டு செட்டிங்குக்கு மாற்ற வேண்டும். இருப்பது ஒரே கார். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே ஓடும் இதே கார்தான் திங்கள், புதன், வெள்ளியில் கோகிலாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறது. போட்டிக்குக் கார் விறைப்பாக இருக்க வேண்டும். முதுகில் ஆபரேஷன் ஆன மனைவிக்குப் பஞ்சாக இருக்க வேண்டும். நல்லவேளையாகப் போன வருடமே திருகி மாற்றுகிற மாதிரி ஷாக் அப்சார்பர் மாட்டிவிட்டேன். நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு குமிழ். வலமாகத் திருகினால் இறுகும், இடமாகத் திருகினால் தளரும். மொத்தம் முப்பது கிளிக். முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்துகிறோமோ அதுதான் எண். போட்டிக்கு ஐந்து, ரோட்டுக்கு இருபது. இதில் குழம்புவதற்கு எதுவுமே இல்லை.

முன் குமிழ்கள் பானெட்டைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கின்றன. பின் குமிழ்கள் ஷாக்கின் அடியில், தரையைப் பார்த்தபடி இருக்கின்றன. ஜாக்கி போட்டு டயரைக் கழற்றினால் நிம்மதியாகப் பார்த்துத் திருகலாம். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் நாச்சிமுத்து சார் பார்க்கிங்கில் யாரும் ஜாக்கி போடக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஆயிலைக் கொட்டிவிட்டார்களாம். அந்த யாரோ நான்தான். அதனால் ஷூ லேஸ் கட்டுகிறவன் மாதிரிக் குந்தி உட்கார்ந்து, டயருக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு, குமிழைத் தடவிப் பிடித்துத் திருகி, காதால் கிளிக்கை எண்ணுகிறேன். இன்றும் அவர் வந்து நின்றார்.

"என்னங்க பூபதி, ஏதாச்சும் விழுந்திருச்சா?"

"சாவிங்க சார்."

"போன வாரமும் சாவிதான் விழுந்துச்சு."

முன் 20, பின் 20. புறங்கையில் தோல் உரிந்துவிட்டது.


ஜனவரி 29, திங்கள்

வீட்டிலிருந்து பிசியோதெரபி வரை பதினேழு வேகத்தடைகள். எண்ணிவிட்டேன். போட்டவர்களில் ஒருவர்கூட அளவுகோலைக் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. எங்கள் பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். இந்த வேகத்தடைகள் என் மேஜைக்கு வந்திருந்தால் பதினேழையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கோகிலா பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்து வருகிறாள். முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். ஒன்றும் சொல்வதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வலித்தால் சொல்ல வேண்டியதுதானே.

பிசியோதெரபி டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "இங்கிருந்து போறப்ப நல்லாத்தான் போறாங்க. மறுபடி வர்றப்ப எல்லாம் இறுகிப் போய் வர்றாங்க. வீட்ல என்னதான் செய்யறாங்க?"

வீட்டில் என்ன செய்கிறாள், படுத்திருக்கிறாள். படுத்துக்கொண்டே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு போனில் கணக்குச் சொல்லித் தருகிறாள். பொதுத்தேர்வு நேரத்தில் கணக்கு டீச்சர் விடுப்பில் கிடக்கிறாளே என்பதுதான் அவளுக்கு முதுகு வலியைவிடப் பெரிய வலி. ஜூனில் பள்ளிக்குப் போயே தீருவேன் என்கிறாள்.


ஜனவரி 31, புதன்

பின் 24 வைத்தேன். டயரிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். இதைவிட மெத்தென்று ஒரு காரை வைக்க முடியாது. போகும் வழியெல்லாம் கோகிலா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்ததும் லிஃப்ட்டுக்கு நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரோடு. எல்லாம் ரோடு.


பிப்ரவரி 2, வெள்ளி

வீல் அலைன்மென்ட் பார்க்கக் காரை மெக்கானிக் ஜெரோமிடம் விட்டேன். ஒண்டிப்புதூரில் அவன் பட்டறை. போட்டிக் கார்கள் நான்கைந்து எப்போதும் அங்கே நிற்கும். பட்டறைப் பையன்கள் என் ஷாக்கில் கை வைத்துவிடக் கூடாதென்று ஸ்டீயரிங்கில் வழக்கம்போல ஒரு காகிதம் ஒட்டினேன்: ஷாக்கைத் தொட வேண்டாம்.

கார் இல்லாததால் கோகிலாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஆட்டோக்காரர் பதினேழு வேகத்தடைகளில் பதினாறை மதிக்கவே இல்லை. இறங்கியதும் கோகிலா சொன்னாள்:

"ஏனுங்க, ஆட்டோவே தேவலாம் போல இருக்குது."

நாலு சக்கரம், நாலு புது ஷாக், ஒரு வருட உழைப்பு. ஆட்டோவே தேவலாம். டாக்டரம்மா வேறு இன்றைக்கு முதுகு பரவாயில்லை என்றார். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.


பிப்ரவரி 4, ஞாயிறு

இரண்டாம் சுற்று. காலையில் பின் 5 வைத்துப் போனேன். முதல் ஓட்டத்தில் கார் திரும்பவில்லை. பின் 3 ஆக்கினேன். இன்னும் மோசம். பின் 1. கடைசி வளைவில் கூம்பைத் தட்டி, தட்டிய கூம்பு அடியில் சிக்கி, அதை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பத்தொன்பது பேரில் பதினாறாவது இடம்.

ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். எதையும் மாற்றாத பழைய கார், பின் சீட்டில் குழந்தையின் ஸ்கூல் பை. என்னைவிட ஒன்றே முக்கால் வினாடி முன்னால். "உங்க கார் பார்க்கவே அட்டகாசமா இருக்குங்க" என்று வந்து கைகொடுத்தார். அவர் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சலிப்பில் செட்டிங்கை மாற்றாமல் போய்ப் படுத்துவிட்டேன்.


பிப்ரவரி 5, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் விழித்தேன். எட்டரைக்கு பிசியோதெரபி. ஷாக்கை மாற்ற நேரமில்லை. பார்க்கிங்கில் நாச்சிமுத்து சார் பைப்பைப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போட்டி செட்டிங்கோடே கோகிலாவைக் கூட்டிப் போனேன். மணிக்கு இருபது கிலோமீட்டர். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். கண்ணாடியில் பார்த்தால் கோகிலா தூங்குகிறாள். பயந்துபோய்க் கூப்பிட்டேன்.

"இன்னைக்குத்தானுங்க கார்ல வந்த மாதிரி இருந்துது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்று நான் தோற்று வந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். என் ஆசைக்குக் குறுக்கே தான் நிற்கக் கூடாதென்று வலியை மறைக்கிறாள். இந்தத் தியாகமெல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

"கோகிலா, எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். கார் போட்டி செட்டிங்ல இருக்குது. உனக்கு எப்படி நல்லா இருக்கும்?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லப் போறேன். எனக்கென்னங்க வேண்டுதலா?"

"பின்னாடி ஒண்ணுல வச்சிருக்கேன். ஒண்ணுன்னா என்னன்னு தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, இருபதும் தெரியாது. என் முதுகு எனக்குத் தெரியும்."

மதியம் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்து, குந்தி உட்கார்ந்து, பின் 24 வைத்தேன். இனிமேல் இந்தத் தவறு நடக்காது.


பிப்ரவரி 7, புதன்

மறுபடி வலி. திரும்பும்போது அவளால் காலை மடக்கிக் காருக்குள் வைக்க முடியவில்லை. நான்தான் தூக்கி வைத்தேன். திங்கட்கிழமை குலுக்கியதன் பலன் இரண்டு நாள் கழித்துத் தெரிகிறது. நான் சொன்னது சரியாகிவிட்டது. சரியானதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அவள் படுத்த பிறகு இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். எதற்கென்று கேட்டால் சும்மா. நவம்பர் 18, சனி: முதல் சுற்று. பின் 5. ஒன்பதாவது இடம். அடுத்த நாள் கோகிலாவின் அக்கா பேரனுக்குக் காதுகுத்து, பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம். என் கையெழுத்தில் இருக்கிறது:

"நவம்பர் 19, ஞாயிறு. ஆனைமலை போய் வந்தோம். நீண்ட பயணம் என்பதால் வழக்கமான இருபதுக்குப் பதில் பின் 25 வைத்தேன். கார் அருமை. பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தொட்டிலில் வந்த மாதிரி இருந்திருக்கும்."

திங்கட்கிழமை காலை கோகிலா கேஸ் சிலிண்டரை நகர்த்தினாள். அன்று மதியம் பள்ளியில் கரும்பலகை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எலும்பு டாக்டர் கேட்டபோது நான்தான் சிலிண்டரைச் சொன்னேன். அவர் அப்படியும் இருக்கலாம், எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சிலிண்டர்தான். இருபத்தைந்து கிளிக் தளர்த்தியிருக்கிறேன். எழுதியே வைத்திருக்கிறேன்.


பிப்ரவரி 9, வெள்ளி

பின் 26.

வலி.


பிப்ரவரி 12, திங்கள்

எலும்பு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஆபரேஷன் செய்த இடம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆற விடாமல் ஏதோ ஒன்று மறுபடி மறுபடி அதைத் தொந்தரவு செய்கிறது என்றார். இரண்டு வாரம் பார்ப்பாராம். இருபத்தாறாம் தேதிக்குள் தேறவில்லை என்றால் இன்னொரு ஆபரேஷன், முதுகெலும்பில் ஸ்க்ரூ வைக்க வேண்டும். அது நடந்தால் ஜூன் மாதம் பள்ளி என்ற பேச்சே கிடையாது.

கோகிலா டாக்டர் முன்னால் தைரியமாக இருந்தாள். காரில் வரும்போது சுடிதார் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். வெயிலுக்கு என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.


பிப்ரவரி 14, புதன்

பின் 28. இதற்கு மேல் தளர்த்தினால் ஷாக்கே இல்லாத கார்தான். பதினோராவது வேகத்தடையில் கோகிலா "நிறுத்துங்க" என்றாள். கதவைத் திறந்து ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள். வலியில் வந்த வாந்தி. தண்ணீர் கொடுத்தேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இறங்கிப் போய் அவனிடம் கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.


பிப்ரவரி 15, வியாழன்

லீவு போட்டுவிட்டு ஜெரோமிடம் போனேன். இந்த ஷாக்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பெனி கொடுத்த பழைய ஷாக்குகளையே மாட்டு, எனக்குப் போட்டியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன். அவன் காரைப் பட்டறைக்குள் ஓட்டிக்கொண்டு போனான். வாசலில் இருக்கும் சாக்கடை மூடி மேல் பின் சக்கரம் ஏறி இறங்கியது. நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்ணா, போட்டிக்கு வச்சத இன்னும் மாத்தாமயே ஓட்டறீங்க? பின்னாடி கல்லு மாதிரி இருக்குது."

"அது ரோட்டு செட்டிங் ஜெரோம். இருபத்தெட்டு."

அவன் சிரிக்கவில்லை. காரைத் தூக்குகிற லிஃப்ட்டில் ஏற்றினான். அடியில் போய் நின்று, துணியால் சேற்றைத் துடைத்து, குமிழை என் கண் முன்னால் திருகினான். கிளிக். கிளிக். அதற்கு மேல் குமிழ் திரும்பவில்லை.

"ரெண்டுதானுங்ணா. கடைசி டைட்டுக்கு ரெண்டு கிளிக்."

மறுபக்கமும் அதே இரண்டு. நான் திருகியது தளர்த்துகிற பக்கம்தான், இடப்பக்கம், முன் ஷாக்குக்குச் செய்கிற மாதிரியேதான் என்று சொன்னேன். எப்படித் திருகினீர்கள் என்று கேட்டான். காற்றில் காட்டினேன். குந்தி உட்கார்ந்து, டயருக்கு மேலே கையை விட்டு. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல இருந்து கைய உட்டுட்டுத் திருகறீங்க. குமிழ் கீழ பார்த்து இருக்குதுங்ணா. ஃபேன் சுத்தறதக் கீழ படுத்துட்டுப் பாக்கறதும் மேல ஏறி நின்னு பாக்கறதும் ஒண்ணுங்களா? உங்களுக்கு எடம்னா அதுக்கு வலம்."

குமிழின் முகத்தில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. இறுக்கம் எந்தப் பக்கம், தளர்வு எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறது. ஒரு வருடமாகச் சேற்றுக்கடியில் இருந்திருக்கிறது.

"நீ ஏன்டா முன்னாடியே பாக்கல?"

"தொட வேண்டாம்னு காகிதம் ஒட்டியிருந்தீங்க."

லிஃப்ட்டுக்குக் கீழே ஒரு டயரின் மேல் உட்கார்ந்தேன். போட்டியில் கார் ஏன் திரும்பவில்லை, இறுக்க இறுக்க ஏன் இன்னும் மோசமானது என்பதெல்லாம் புரிந்துவிட்டது. ஐந்தாம் தேதி அவள் ஏன் தூங்கினாள் என்பதும் புரிந்தது. ஜெரோம் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டில் கணக்கு டீச்சரை வைத்துக்கொண்டு இந்தக் கழித்தலை நானே டீ ஆறும் வரை போட்டுப் பார்த்தேன். நான் முழு இறுக்கம் என்று நினைத்த இடம் முழுத் தளர்வு, அங்கிருந்து எண்ணிய ஒவ்வொரு கிளிக்கும் இறுக்கம். முப்பதில் இருபத்தைந்து போனால் ஐந்து. ஆனைமலைக்கு அவளை நான் போட்டிக் காரில் கூட்டிப் போயிருக்கிறேன்.


பிப்ரவரி 16, வெள்ளி

பின் 20. நிஜமான இருபது. ஜெரோமே வைத்தான்.

பதினேழு வேகத்தடைகள். ஒன்பதாவதில் கோகிலா தூங்கிவிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டைச் சரி செய்திருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

சொல்லிவிட வேண்டும். இருபத்தாறாம் தேதி முடியட்டும்.


பிப்ரவரி 18, ஞாயிறு

போட்டிக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் போனேன். வழியில் ஜெரோம் பட்டறையில் பின் 5, லிஃப்ட்டில் ஏற்றிக் கண்ணால் பார்த்து. கார் நினைத்த இடத்தில் திரும்பியது. கூம்புகளை நானே தடவிக் கொடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மூன்றாம் இடம். பல் டாக்டர் ஆறாவது.

கப்பைக் கார் துடைக்கிற துணியில் சுற்றி ஸ்டெப்னிக்குக் கீழே போட்டுவிட்டு, திரும்பவும் பட்டறைக்குப் போய் இருபது வைத்து, வீட்டுக்கு வந்தேன். ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட, அது எங்கள் அபார்ட்மென்ட் குரூப் வரை வந்துவிட்டது. நாச்சிமுத்து சார் அதைப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அந்த மனிதருக்கு என்மேல் பிரியம் வர வேண்டும்.

அவர் போன பிறகு கோகிலா படுக்கையிலிருந்தே கேட்டாள்.

"ஏனுங்க, போன மாசம் மூணு கூம்பத் தட்டினீங்க. இப்பக் கப்பு. நடுவுல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல."

"வெள்ளிக்கிழமை நான் தூங்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை நீங்க ஜெயிச்சுட்டு வந்திருக்கறீங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நீங்க தோத்துட்டு வந்தீங்க, அடுத்த நாளும் நான் தூங்கினேன், அதுக்குச் சண்டை போட்டீங்க. இதுல ஏதோ ஒரு கணக்கு இருக்குதுங்க."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். குமிழ், அம்புக்குறி, ஃபேன், இருபத்தெட்டு, எல்லாம் சொன்னேன். ஆனைமலையையும் சொன்னேன். சொல்லி முடித்து, சிலிண்டரும் காரணமாக இருக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டினாள்.

"அந்த நோட்ட எடுங்க."

நவம்பர் 19ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தாள். சின்னப் பத்திதான். ரொம்ப நேரம் படித்தாள். நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.


பிப்ரவரி 19, திங்கள்

ஆட்டோவில் போகிறேன் என்றாள். ஆட்டோவில் போனோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டே வந்தாள்.


பிப்ரவரி 21, புதன்

ஆட்டோ. இன்றும் பேசவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறாள். திட்டினால்கூடத் தேவலாம். இருபது வருடமாகக் கம்பெனியில் அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். எத்தனை பேரிடம் எகிறியிருக்கிறேன், "அளந்தியா, கண்ணால பார்த்தியா" என்று.


பிப்ரவரி 23, வெள்ளி

ஆட்டோ. டாக்டரம்மா, இந்த வாரம் முதுகு நன்றாக இளகியிருக்கிறது என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.


பிப்ரவரி 26, திங்கள்

இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கச் சொன்னார். ஏப்ரலில் மறுபடி வரச் சொன்னார். ஜூன் என்று கோகிலா கேட்டதற்கு, "பார்க்கலாம், நம்பிக்கையா இருங்க" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அவள் அழுதாள். நானும் அழுதேன். மருந்துக்கடைப் பெண் எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஆட்டோ கூப்பிடப் போனேன். "கார்லயே போலாங்க" என்றாள். வீட்டுக்குப் போய்க் காரை எடுத்து வர வேண்டுமே என்று நான் விழித்தேன். "இன்னைக்கில்ல, இனிமேல்" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சாயங்காலம் சாய்வு நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

"ஏனுங்க, எனக்கு எதனால முதுகு போச்சுன்னு டாக்டருக்கே தெரியல. அத நான் கேக்கல. காரா சிலிண்டரான்னு எனக்கு வேண்டாம். திருப்பித் திருகினது தெரியாமச் செஞ்சது. அதுக்கு உங்க மேல கோபமில்ல."

"பின்ன எதுக்கு ஒரு வாரமாப் பேசல?"

"ஆனைமலை போன அந்தப் பக்கத்துல என் பேரே இல்லீங்க. கார் இருக்குது, கிளிக் இருக்குது, தொட்டில் இருக்குது. நான் சொன்னது ஒண்ணுகூட இல்ல. உங்களுக்கு ஞாபகமிருக்குதா, மறந்துட்டீங்களா?"

ஞாபகமிருக்கிறது என்றேன். ஒவ்வொன்றும் ஞாபகமிருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை என்பதையும் சொன்னேன்.

"அப்ப எழுதுங்க. அந்தப் பக்கத்தை அடிச்சுட்டு, மறுபடி எழுதுங்க."

பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுதுகிறேன்.


நவம்பர் 19, ஞாயிறு

ஆனைமலைக்குக் காதுகுத்துக்குப் போய் வந்தோம். பின் ஷாக் 5. நான் 25 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கண்ணால் பார்க்கவில்லை.

கிணத்துக்கடவு தாண்டியதும், சீர்த் தட்டுகளோடு பின் இருக்கையில் வந்த கோகிலா, தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றாள். நானே தளர்த்தியிருக்கிறேன், உனக்குத் தோன்றுகிறது என்றேன். கோவில்பாளையத்தில் டீக் குடிக்க நிறுத்தினோம். உட்கார முடியாமல் நின்றுகொண்டே குடித்தாள். காரைப் பற்றி ஒரு ஆளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன், கவனித்தும் கேட்கவில்லை.

விருந்து முடிந்து கிளம்பும்போது, இடுப்பு விட்டுப் போகிறது, அக்காவோடு பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று கேட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். வாசலில் இப்படி ஒரு காரை நிறுத்தி வைத்துக்கொண்டு என் மனைவி பஸ்ஸில் போவதா என்று எனக்கு அவமானமாக இருந்தது. கையைப் பிடித்து ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.